சாலையோரப் பலகையில் ஏறிய ஒரு பறப்பு: எசேக்கியேல் வானூர்தி பற்றிய நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், வடகிழக்கு மூலையில் உள்ள கேம்ப் கவுண்டியில் பிட்ஸ்பர்க் என்றொரு சிற்றூர் இருக்கிறது. எஃகு ஆலைகளுக்குப் பேர்போன பென்சில்வேனியா பிட்ஸ்பர்க் வேறு, இது வேறு. இந்த ஊரில் மாநில வரலாற்று ஆணையம் 1976இல் நட்ட ஒரு வார்ப்பு அலுமினியப் பலகை நிற்கிறது. அது சொல்வதன் சாரம் இது: பர்ரெல் கேனன் (1848–1922) என்ற பாப்டிஸ்ட் சபைப் போதகர் ஊர் முதலீட்டாளர்களைச் சேர்த்து ஒரு நிறுவனம் தொடங்கினார். விவிலியத்தின் எசேக்கியேல் புத்தகத்தில் உள்ள வர்ணனையை ஒட்டி ஒரு வானூர்தி கட்டப்பட்டது. 1902 கடைசியில், ரைட் சகோதரர்கள் பறப்பதற்கு ஓராண்டு முன்பு, அது இந்த இடத்தில் சிறிது நேரம் காற்றில் எழும்பியது. 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்குப் போகும் வழியில் புயலில் அழிந்தது. 1913இல் இரண்டாவது ஊர்தியும் விழுந்து நொறுங்க, போதகர் முயற்சியைக் கைவிட்டார்.

எல்லா வாக்கியங்களும் ஒரே உறுதியோடு எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் உள்ள சான்றுகள் ஒரே எடையில் இல்லை. ஊர்தி காற்றில் எழும்பியது என்ற ஒரு வாக்கியம் மட்டும் ஊராரின் நினைவை நம்பி நிற்கிறது. பலகையைப் பார்க்க மக்கள் வண்டியை நிறுத்துவதும் அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். நினைவாகச் சொல்லப்பட்டது எப்படி உலோகத்தில் வார்த்த உண்மையானது என்பதை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. ஊர் வரலாறு தொகுப்பவர்களுக்கும் நினைவுப் பலகைகளுக்கு வாசகம் எழுதுபவர்களுக்கும் இது உதவும். போதகரின் பெயர் பலகையிலேயே இருப்பதால் அதைச் சொல்கிறேன். பங்கு வாங்கியவர்கள், பட்டறைத் தொழிலாளர்கள், சாட்சி சொன்னவர்கள் ஆகியோரின் பெயர்களை விட்டுவிடுகிறேன். விஷயம் புரிய அவை தேவையில்லை.

பின்னணி

கேனன் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். பிரசங்க மேடையில் நின்றதைப் போலவே மரம் அறுக்கும் மில்லிலும் நின்றவர். இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கை அவருக்கு. எசேக்கியேல் முதல் அதிகாரமும் பத்தாம் அதிகாரமும் அவரைப் பிடித்துக்கொண்டன. கேபார் நதியோரத்தில் தீர்க்கதரிசி கண்ட தரிசனம் அங்கே வருகிறது. நான்கு ஜீவன்கள், ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சக்கரம், அந்தச் சக்கரத்துக்குள் இன்னொரு சக்கரம். ஜீவன்கள் பூமியிலிருந்து எழும்பும்போது சக்கரங்களும் கூடவே எழும்புகின்றன. பிரசங்கி ஒருவர் இதில் கடவுளின் மகிமையைக் காண்பார். கேனன் அதோடு ஓர் இயந்திரத்துக்கான குறிப்பையும் கண்டார்.

இதைப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிடக் கூடாது. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் மனிதன் எப்படிப் பறக்கப்போகிறான் என்று யாருக்கும் தெரியாது. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளராக இருந்த விஞ்ஞானி சாமுவேல் லாங்லி, அரசுப் பணத்தில் கட்டிய விமானம் 1903 அக்டோபரிலும் டிசம்பரிலும் போட்டோமாக் ஆற்றில் விழுந்தது. படித்தவர்களின் பாதையே அப்படி இருந்த காலத்தில், ஒரு நாட்டுப்புறப் போதகர் தனக்கு நன்றாகத் தெரிந்த நூலிலிருந்து தொடங்கினார்.

முதல் முடிவு: நிறுவனம் தொடங்கியது

1901 ஆகஸ்டில் எசேக்கியேல் வானூர்தித் தயாரிப்பு நிறுவனம் பதிவானது. மூலதனம் 20,000 டாலர், பங்கு ஒன்று 25 டாலர். வாங்கியவர்கள் உள்ளூர்க்காரர்கள்.

இந்த முடிவு இல்லாமல் ஊர்தி உருவாகியிருக்காது. ஒரு போதகரின் வருமானத்தில் எஞ்சினும் வார்ப்பு வேலையும் கட்டுப்படியாகாது. ஆனால் இதே முடிவு பின்னால் வந்த எல்லாவற்றையும் பாதித்தது என்பது என் கணிப்பு. பங்கு விற்ற பிறகு, ஊர்தி ஒருவரின் சோதனை முயற்சியாக மட்டும் இருப்பதில்லை. ஊரின் பணமும் பெருமையும் அதில் சேர்ந்துவிடுகின்றன. பணம் போட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும், ‘அது எழும்பியது’ என்று நம்ப விரும்புவது இயற்கை. அதற்காக அவர்கள் பொய் சொன்னார்கள் என்று ஆகிவிடாது. சாட்சியத்தை எடைபோடும்போது கணக்கில் வைக்க வேண்டிய ஒன்று, அவ்வளவுதான்.

இயந்திரம்

ஊரின் வார்ப்படப் பட்டறையில் ஊர்தி கட்டப்பட்டது. மேலே துணி போர்த்திய பெரிய இறக்கை, சுமார் 26 அடி அகலம். கீழே ஓர் எஞ்சின் சக்கரங்களைச் சுழற்றும். சக்கரங்களில் நான்கு தொகுதித் துடுப்புகள். அந்தத் துடுப்புகள் காற்றைத் தள்ளி ஊர்தியைத் தூக்கி முன்னே செலுத்த வேண்டும். எசேக்கியேலின் சக்கரத்துக்குள் சக்கரம் இங்கே உருவம் பெற்றது.

துடுப்புச் சக்கரத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஆற்றில் ஓடும் நீராவிப் படகில், சக்கரத்தின் கீழ்ப்பாதி தண்ணீரைத் தள்ளும், மேல்பாதி காற்றில் சும்மா சுற்றி வரும். அதனால் படகு நகர்கிறது. முழுச் சக்கரமும் காற்றுக்குள்ளேயே இருந்தால் ஒரு பாதி தள்ளுவதை மறுபாதி அழித்துவிடும். இதைத் தவிர்க்க, திரும்பி வரும் அரைச்சுற்றில் துடுப்பின் தட்டைப் பக்கம் காற்றில் மோதாமல், விளிம்பு மட்டும் காற்றைக் கிழித்து வரும்படி அது திரும்பிக்கொள்ள வேண்டும். இந்த எண்ணத்தில் பிழையில்லை. சுழலும்போதே அலகுகளின் கோணம் மாறும் ஃபோய்த்-ஷ்னைடர் உந்திகள் இன்றும் துறைமுக இழுவைப் படகுகளில் வேலை செய்கின்றன. அதே கொள்கையில் கட்டிய சின்னஞ்சிறு ஆளில்லா ஊர்திகளை ஆய்வகங்களில் பறக்கவும் விட்டிருக்கிறார்கள். ஆனால் 1902இல் கிடைத்த எஞ்சினின் எடைக்கும் இரும்பின் எடைக்கும் அது மிகக் கடினமான வழி.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. ரைட் சகோதரர்கள் 1901இல் ஒரு சிறிய காற்றுச் சுரங்கம் செய்து சுமார் 200 இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். 1902இல் எஞ்சின் இல்லாத மிதவை ஊர்தியில் நூற்றுக்கணக்கான முறை சறுக்கிப் பழகினார்கள். காற்றில் எழுந்த ஊர்தியைச் சாயாமல் திருப்புவது எப்படி என்பதே அவர்கள் முதலில் தீர்த்த கேள்வி. எசேக்கியேல் ஊர்தியின் கதையில் எழும்புவது பற்றிய அக்கறை தெரிகிறது. எழும்பிய பிறகு ஓட்டுவது பற்றிய சோதனை எதுவும் தென்படவில்லை.

1902 கடைசியில் நடந்ததாகச் சொல்லப்படுவது

ஊரில் வழங்கும் விவரம் இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. போதகர் பிரசங்கத்துக்குப் போயிருந்தார். பட்டறைத் தொழிலாளர்கள் சிலர் ஊர்தியை அருகிலிருந்த மேய்ச்சல் நிலத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஏறி உட்கார்ந்து எஞ்சினை முடுக்கினார். ஊர்தி முன்னே உருண்டு பத்துப் பன்னிரண்டு அடி உயரம் எழும்பியது, சுமார் 160 அடி தூரம் போயிற்று, ஆட்டம் கண்டது, எஞ்சினை நிறுத்தினார்கள், தரை இறங்கியது. பார்த்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

இதில் நம்பத் தூண்டும் அம்சங்கள் உண்டு. கட்டுக்கதை என்றால் போதகரையே ஓட்டுநராக வைத்திருப்பார்கள். இந்தக் கதையில் கண்டுபிடிப்பாளர் அந்த இடத்திலேயே இல்லை, ஓய்வுநாளில் கூலியாட்கள் அனுமதியின்றி ஓட்டிப் பார்த்தார்கள். அந்த ஆட்டமும் அவசர நிறுத்தமும் பெருமைக்காகச் சேர்க்கிற விவரங்களாகத் தெரியவில்லை.

சந்தேகிக்க வைக்கும் அம்சங்களும் உண்டு. சொன்னவர்கள் நெடுங்காலம் கழித்துச் சொன்னார்கள். எழும்பிய தருணத்தின் புகைப்படம் கிடையாது. அன்றைய செய்தித்தாளில் வந்த செய்தி என்று யாரும் ஒன்றைக் காட்டவில்லை. எழும்பிய ஊர்தியை மறுநாளோ மறுவாரமோ போதகர் முன்னிலையில், பங்குதாரர்கள் முன்னிலையில் மறுபடி எழுப்பிக் காட்டினார்கள் என்ற பேச்சே இல்லை. இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது. பங்கு விற்ற நிறுவனத்துக்கு ஒரு பொதுக் காட்சியைவிடப் பெரிய விளம்பரம் இருந்திருக்க முடியாது.

ஒப்பிட, 1903 டிசம்பர் 17 அன்று வட கரோலினாக் கடற்கரையில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். முதல் பறப்பு 12 விநாடி, 120 அடி. ஊர்க்கதை சொல்லும் 160 அடியைவிடக் குறைவு! ஆனால் ஆர்வில் ரைட் கேமராவை முன்கூட்டியே தாங்கியில் நிறுத்தி, விமானம் ஓடிப் புறப்படும் தண்டவாளத்தின் முனையைக் குறிவைத்து, உயிர்காப்பு நிலையத்து ஆள் ஒருவரிடம் கேமராவை இயக்கும் ரப்பர் குமிழைக் கொடுத்திருந்தார். குடும்பத்துக்கு வெளியே ஐந்து பேர் பார்த்தார்கள். நேரமும் தூரமும் காற்றின் வேகமும் குறிக்கப்பட்டன. அன்றே தந்தைக்குத் தந்தி போயிற்று. அந்தத் தந்தை மில்டன் ரைட்டும் ஒரு பேராயர்தான். நான்காவது பறப்பு 59 விநாடி, 852 அடி. தந்தியில் அது 57 விநாடி என்று தவறாகப் பதிவானது. பிழை வந்தாலும் திருத்த முடிந்தது, ஏனென்றால் குறிப்புகள் இருந்தன. பத்திரிகைகள் அவர்களையும் அப்போது பெரிதாக நம்பவில்லை. 1908இல் பிரான்சில் பலர் முன்னிலையில் பறந்து காட்டிய பிறகே உலகம் ஒப்புக்கொண்டது. ஆக, செய்தித்தாளில் வராதது மட்டும் கேனனின் கதையைத் தள்ளிவிடாது. வேறு எந்தத் தாளும் இல்லாததுதான் அதை எடை குறைக்கிறது.

1904: கண்காட்சிக்குப் புறப்பட்டது

செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் வானூர்திப் போட்டிக்கு 100,000 டாலர் பெரும் பரிசு அறிவித்திருந்தார்கள். ஊர்தியைத் திறந்த சரக்கு வேகனில் ஏற்றி அனுப்புவதென முடிவாயிற்று. டெக்சர்கானா அருகே புயல் அடித்து ஊர்தியை வேகனிலிருந்து தூக்கியெறிந்தது. மிச்சத்தைப் போதகர் அங்கேயே விட்டுவிட்டார். இது பறக்கக் கடவுளுக்குச் சித்தமில்லை என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். அந்தப் பெரும் பரிசைக் கடைசிவரை யாரும் வெல்லவில்லை.

துணி இறக்கையை விரித்த நிலையிலேயே திறந்த வேகனில் ஏற்றியது பிழையான முடிவாகத் தெரிகிறது. பிரித்து அடுக்கிக் கொண்டுபோயிருக்கலாமே என்று இப்போது கேட்பது சுலபம். இறக்கையைக் கழற்ற முடியாதபடி அது கட்டப்பட்டிருக்கவும் கூடும். எப்படியானாலும், பலர் பார்க்கச் சோதித்திருக்கக்கூடிய ஒரே வாய்ப்பு அந்தப் பயணத்தோடு போயிற்று.

கடவுள் சித்தமில்லை என்றவர் ஓயவும் இல்லை. இரண்டாவது ஊர்தி ஒன்று கட்டப்பட்டு 1913இல் விபத்தில் முடிந்தது. அதன்பின் கேனன் வானூர்தியை விட்டார், கண்டுபிடிப்பதை விடவில்லை. 1922இல் இறக்கும் காலத்தில் பருத்தி பறிக்கும் இயந்திரம் ஒன்றிலும், பருத்திக் காயைத் துளைக்கும் வண்டை ஒழிக்கும் கருவி ஒன்றிலும் வேலை செய்துகொண்டிருந்தார். அந்தப் பகுதியின் விவசாயிகளுக்கு அன்று வானத்தைவிட அவசரமான பிரச்சினை அந்த வண்டுதான். பலகையில் இந்த விவரத்துக்கு இடம் கிடைக்கவில்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

இடையில் நடந்த இன்னொரு வாசகத் தகராறு

பிட்ஸ்பர்க் பலகைக்கு முன்பே, ஒரு காட்சிப் பொருளின் விவரக்குறிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு விமான வரலாற்றிலேயே உதாரணம் இருந்தது. ஆற்றில் விழுந்த லாங்லியின் விமானத்தை 1914இல் எடுத்துப் பல மாற்றங்கள் செய்து சிறிது தூரம் பறக்கவிட்டார்கள். பிறகு பழைய வடிவத்துக்கே திருப்பி, ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வைத்து, மனிதனைச் சுமந்து பறக்க வல்ல முதல் விமானம் அதுவே என்ற பொருளில் குறிப்பு மாட்டினார்கள். மாற்றங்களைப் பற்றி அந்தக் குறிப்பு வாய் திறக்கவில்லை. ஆர்வில் ரைட் மனம் நொந்து, 1903இன் அசல் விமானத்தையே 1928இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். ஸ்மித்சோனியன் 1942இல்தான் செய்த மாற்றங்களை வெளிப்படையாகப் பட்டியலிட்டு ஒப்புக்கொண்டது. 1948இல், ஆர்வில் இறந்த பிறகு, விமானம் தாய்நாடு திரும்பியது.

சில வரிகளில் எழுதிய ஒரு குறிப்பு, ஒரு நாட்டின் மிகப் பெரிய நினைவுப் பொருளை இருபது ஆண்டு கடல் கடந்து இருக்கவைத்தது. வாசகம் எழுதுகிற எவரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

1976: பலகை நட்டது

1976 அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டு. நாடெங்கும் ஊர்கள் தத்தம் வரலாற்றைத் தேடிக்கொண்டிருந்தன. ஊர்தி எழும்பியதாகச் சொன்ன நாளுக்கும் பலகைக்கும் இடையே 74 ஆண்டுகள். நேரில் பார்த்தவர்களைக் குறுக்கு விசாரணை செய்யும் காலம் கடந்துவிட்டது.

பலகை வைக்கும் முடிவு சரியான முடிவு. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு சிற்றூரின் பட்டறையில், உள்ளூர்ப் பணத்தில், முழு அளவு வானூர்தி ஒன்று 1902இல் நின்றது. அதன் புகைப்படம் இருக்கிறது, நிறுவனம் பதிவானது. இது மறக்கக்கூடாத சாதனை. வாசகத்தில் எடுத்த இரண்டு முடிவுகள்தான் சிக்கல். ஒன்று, எழும்பியதை யார் சொன்னார்கள் என்று குறிக்காமல் நேரடியான நிகழ்ச்சியாக எழுதியது. இரண்டாவது, அதன் பக்கத்திலேயே ரைட் சகோதரர்களை வைத்தது.

இரண்டாவதுதான் பெரிய பிழை என்பது என் மதிப்பீடு. தொழிலாளர் சொன்னதை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொண்டால்கூட, அது தரையை விட்டுத் துள்ளியது என்றுதான் ஆகும். பிரான்சில் கிளெமான் அதேரின் நீராவி ஊர்தி 1890 அக்டோபர் 9 அன்று சுமார் 50 மீட்டர் அப்படித் துள்ளியது. அதை முதல் பறப்பு என்று விமான வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை, ஏனெனில் ஓட்டுநர் கட்டுப்பாட்டில் தொடர்ந்து பறக்கவில்லை. ‘ஓராண்டு முன்பு’ என்ற ஒப்பீடு, பாரம் தாங்காத சாட்சியத்தின் மேல் உலகச் சாதனையின் பாரத்தை ஏற்றிவைக்கிறது. சந்தேகிப்பவர் அந்த ஒரு வரியைத் தட்டும்போது போதகரின் உண்மையான உழைப்பும் சேர்ந்து விழுகிறது.

ஆணையமும் ஊராரும் ஏன் அப்படி எழுதினார்கள் என்பதும் புரிகிறது. வார்ப்புப் பலகையில் இடம் கொஞ்சம். ‘சொல்லப்படுகிறது’, ‘நினைவுகூர்ந்தார்கள்’ என்று சேர்த்தால் வரி நீளும், வேகம் குறையும். காரில் வருகிறவர் ஒரு நிமிடம் நிற்பார். அந்த ஒரு நிமிடத்துக்குள் அவர் கவனத்தைப் பிடிக்க ரைட் என்ற பெயர் போல வேறு எதுவும் உதவாது.

அதற்குப் பின்

பலகை ஒரு மேற்கோள் மூலமாகிவிட்டது. பயணக் கட்டுரைகள் பலகையைச் சொல்கின்றன, பலகையோ மாநில அரசின் முத்திரையோடு நிற்கிறது. படிப்பவர் ஆணையம் தனியே ஆராய்ந்து உறுதி செய்தது என்று எடுத்துக்கொள்கிறார். வட்டம் மூடிக்கொண்டது.

நல்லதும் நடந்தது. 1980களில் ஊர்ச் சங்கம் ஒன்று முழு அளவு மாதிரி ஊர்தி செய்ய முன்வந்தது. வரைபடங்கள் மிஞ்சவில்லை, பழைய புகைப்படத்தை வைத்து அளவு கணக்கிட்டுக் கட்டினார்கள். அந்த மாதிரி இன்று ஊரின் பழைய ரயில் நிலையத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. துடுப்புச் சக்கரங்களை நேரில் பார்க்கும்போது, பறந்ததா இல்லையா என்ற கேள்வி பின்னுக்குப் போய், இதை எப்படி யோசித்தார் என்ற கேள்வி முன்னுக்கு வருகிறது. பலகையால் முடியாததை அந்த மாதிரி செய்கிறது.

இதே காலத்து இன்னொரு உரிமைக்கோரல் இன்னும் தூரம் போயிற்று. கனெக்டிகட் மாநிலத்தில் குஸ்டாவ் வைட்ஹெட் 1901இல் பறந்ததாகச் சொல்லப்படுவதை வைத்து, அம்மாநிலச் சட்டமன்றம் 2013இல் சட்டமே இயற்றியது. அங்கும் பறக்கும் தருணத்தின் தெளிவான புகைப்படம் இல்லை. பலகையைத் திருத்துவதைவிடச் சட்டத்தைத் திருத்துவது கடினம். அந்த வகையில் பிட்ஸ்பர்க் இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது.

மாற்ற வேண்டியது

பலகையை அகற்றச் சொல்ல மாட்டேன். அதுவும் இப்போது 1976இன் ஓர் ஆவணம். பக்கத்தில் ஒரு சிறு துணைப் பலகை வைக்கலாம். அருங்காட்சியகம் அதே ஊரில் இருப்பதால், சாட்சியங்கள் ஒவ்வொன்றையும் யார், எந்த ஆண்டு, யாரிடம் சொன்னார் என்ற விவரத்தோடு மாதிரி ஊர்தியின் அருகே மாட்டலாம். முரண்படும் சாட்சியங்கள் இருந்தால் அவற்றையும் சேர்த்தே மாட்ட வேண்டும். தூரமும் உயரமும் ஆளுக்கு ஆள் மாறினால் பார்வையாளர் அதைத் தானே பார்த்துத் தீர்மானிக்கட்டும்.

புதிதாக எழுதச் சொன்னால் என் வாசகம் இப்படி இருக்கும்:

‘பாப்டிஸ்ட் போதகரும் மரமில் தொழிலருமான பர்ரெல் கேனன் (1848–1922), எசேக்கியேல் தீர்க்கதரிசியின் தரிசனத்தால் தூண்டப்பட்டு, இவ்வூர் மக்கள் வாங்கிய பங்குகளின் பணத்தில், அருகிலிருந்த பட்டறையில் துடுப்புச் சக்கர வானூர்தி ஒன்றைக் கட்டினார். 1902இல் அது இந்த மேய்ச்சல் நிலத்தில் சிறிது தூரம் எழும்பியதைக் கண்டதாகப் பட்டறைத் தொழிலாளர்கள் பிற்காலத்தில் கூறினர். 1904இல் உலகக் கண்காட்சிக்குச் செல்லும் வழியில் புயலில் அழிந்தது. 1913இல் இரண்டாவது ஊர்தியும் விபத்துக்குள்ளான பின், பருத்தி விவசாயத்துக்கான கருவிகளில் தன் இறுதி ஆண்டுகளைச் செலவிட்டார்.’

நீளம் பழையதைவிடப் பெரிதாகக் கூடவில்லை. ரைட் பெயர் இல்லை. பருத்திக் கருவிகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஊர்க்காரர் யாரும் இதைப் படித்துத் தலைகுனிய வேண்டியதில்லை, சந்தேகத்தோடு வரும் பொறியாளர் எந்த வரியையும் அடிக்க முடியாது.